ஆர்எஸ்வி: இரட்டித்த அறுபது எழுத்துகள்

அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரிஸ் நகரில் 1999-இல் கிடைத்த மூன்று வைரஸ் மாதிரிகளில் ஒரு விசித்திரம் இருந்தது. வைரஸ் என்னவோ பழைய ஆசாமிதான். இரண்டு வயது முடிவதற்குள் உலகத்தின் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒரு முறையாவது பிடித்துவிடுகிற ஆர்எஸ்வி. ஆனால் அதன் ஜி என்ற மரபணுவின் கடைசிப் பகுதியில் 60 எழுத்துகள் கூடுதலாக இருந்தன. படித்துப் பார்த்தால் அவை புதிய எழுத்துகளும் இல்லை. பக்கத்தில் இருந்த 60 எழுத்துகளே மறுபடி ஒருமுறை வந்திருந்தன. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் கண் பிசகி ஒரே வரியை இரண்டு தரம் கோத்துவிடுவாரே, அந்த மாதிரிப் பிழை.

அச்சுப்பிழையை அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். இந்தப் பிழையோ பெருகியது. 2003-இல் இதைப் பற்றிய ஆய்வறிக்கை வெளிவந்த சில ஆண்டுகளுக்குள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நாடுகளின் ஆய்வகங்களில் அதே 60 எழுத்துகள், அதே இடத்தில், அதே வரிசையில் தென்படத் தொடங்கின. ஊருக்கு ஊர் தனித்தனியாக இப்படியொரு பிழை நேர வாய்ப்பில்லை. எங்கோ ஒரே ஒரு வைரஸில் ஒருமுறை நேர்ந்து, அதன் வழித்தோன்றல்கள் உலகைச் சுற்றியிருக்க வேண்டும். கண்டெடுத்த ஊரின் பெயரைச் சுருக்கி அந்த வகைக்கு பிஏ என்று பெயரிட்டார்கள். ஆர்எஸ்விக்கு ஏ, பி என இரண்டு பிரிவுகள் உண்டு; இன்று உலகில் பரவும் பி பிரிவு ஏறக்குறைய முழுவதும் அந்த வம்சம். அதற்கு முன்பிருந்த பி வகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இவ்வளவு பெரிய ஆள்மாறாட்டம் நடந்தபோது எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் அது தெரியவில்லை. குழந்தைகள் வழக்கம்போல இருமின, வழக்கம்போல மூச்சிரைத்தது.

மூலக்கூற்று நோய்ப்பரவலியல் என்ற துறையின் வேலை இந்த மறைவான நடமாட்டத்தைப் படிப்பது. மூச்சுத்தொற்றுகளில் இதன் தேவை அதிகம், ஏனென்றால் இங்கே நோயின் முகம் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளிழுக்க, மூக்கு விடைக்க மூச்சு வாங்கும் ஆறு மாதக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவருக்கு அது ஆர்எஸ்வியா, ஃப்ளூவா, மெட்டாநியூமோ வைரஸா என்று பார்வையில் சொல்ல முடியாது. பிசிஆர் பரிசோதனை வைரஸின் பெயரைச் சொல்லும். அந்த வைரஸின் எந்தக் கிளை, எங்கிருந்து வந்தது, சென்ற ஆண்டு வந்ததன் வாரிசா, புதிதாக நுழைந்ததா என்பதையெல்லாம் மரபெழுத்துகளைப் படித்தால்தான் சொல்ல முடியும். படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கு அந்தப் பதிலால் உடனடிப் பயன் ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குத் தேவை ஆக்சிஜனும் நீர்ச்சத்தும்தான்.

ஆர்எஸ்வி 1956-இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது மனிதரிடம் அல்ல. அமெரிக்காவின் வால்ட்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் வளர்த்த சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த வைரஸுக்குச் சிம்பன்சிச் சளிக் காரணி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே ராபர்ட் சானக்கும் அவருடைய குழுவினரும் பால்டிமோர் நகரக் குழந்தைகளிடம் அதே வைரஸைக் கண்டார்கள். மனிதரின் வைரஸ் சிம்பன்சிகளுக்குத் தொற்றியிருக்கிறது என்பது பிறகு புரிந்தது. 2019-ஆம் ஆண்டுக்கான உலகக் கணிப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 3 கோடியே 30 லட்சம் பேருக்கு ஆர்எஸ்வியால் நுரையீரல் வரை தொற்று இறங்கியது. ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் இறந்தனர். அந்த மரணங்களில் 97 விழுக்காடு ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில்.

வைரஸின் மரபுத்தொடர் சுமார் 15,200 எழுத்துகள் நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ இழை. பத்து மரபணுக்கள், பதினொரு புரதங்கள். அவற்றில் வைரஸின் மேற்பரப்பில் நிற்கும் இரண்டு புரதங்களைச் சுற்றித்தான் நமது கதை நடக்கிறது. ஜி புரதம் மூச்சுக்குழாய்ச் செல்லைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. எஃப் புரதம் வைரஸின் உறையைச் செல்லின் சவ்வோடு இணைத்து உள்ளே புக வழி செய்கிறது. ஜி புரதத்தின் மேல் சர்க்கரை மூலக்கூறுகள் அடர்ந்து போர்த்தியிருப்பதால், எதிர்ப்பான்களால் அதை எளிதில் அணுக முடியாது. அதன் நடுப்பகுதிக்கு இரு புறமும் உள்ள பகுதிகள் விருப்பம்போல மாறும். எழுத்து மாறினாலும் வேலை கெடாது. எஃப் புரதத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஓர் உருவத்திலிருந்து இன்னோர் உருவத்துக்குச் சட்டென விரிந்து செயல்பட வேண்டிய இயந்திரம் அது. கண்ட இடத்தில் மாறினால் வைரஸே பிழைக்காது.

ஆய்வாளர்கள் தடம் பார்க்க ஜி-யைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். மாற்றம் நிறைந்த இடத்தில்தான் ஒரு கிளையை இன்னொரு கிளையிலிருந்து பிரித்தறிய முடியும். 1985-இல் எதிர்ப்பான்களைக் கொண்டு ஆர்எஸ்வியை ஏ, பி என இரண்டாகப் பிரித்தார்கள். பிறகு ஜி மரபணுவின் கடைசி மூன்றிலொரு பகுதியை மட்டும், 300-க்கும் குறைவான எழுத்துகளைப் படித்து, அதற்குள் ஜிஏ1, ஜிஏ2, ஜிபி1 என்று வகைகள் வகுத்தார்கள். மொத்தத் தொடரில் அது ஐம்பதில் ஒரு பங்கு. செலவு குறைவு, பழைய கருவிகளே போதும், எந்த நாட்டு ஆய்வகமும் செய்யலாம். உலகம் முழுக்கச் சேர்ந்த ஆர்எஸ்வித் தரவுகளில் பெரும்பகுதி இந்தத் துண்டுகள்தான். இதன் விலை பின்னால் தெரிந்தது, அதற்கு வருகிறேன்.

பியூனஸ் ஐரிஸில் பி பிரிவுக்கு நடந்தது பத்தாண்டு கழித்து ஏ பிரிவுக்கும் நடந்தது. 2010–11 குளிர்காலத்தில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 201 ஆர்எஸ்வி மாதிரிகளை வரிசையாக எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 112 ஏ பிரிவு. அந்த 112-இல் 11 மாதிரிகளின் ஜி மரபணுவில் 72 எழுத்துகள் இரட்டித்திருந்தன. புரதம் 24 அமினோ அமிலங்கள் நீண்டிருந்தது. இந்த வகைக்கு ஓஎன்1 என்று பெயர். பத்தில் ஒன்றாக இருந்தது, சில ஆண்டுகளுக்குள் கண்டங்களைத் தாண்டியது. புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனமும் இந்திய மாதிரிகளில் அதைக் கண்டது. இன்று ஏ பிரிவில் புழங்குவதும் பெரும்பாலும் இந்த வம்சம்தான்.

ஒரே வைரஸின் இரண்டு பிரிவுகளில், ஒரே மரபணுவின் ஏறக்குறைய ஒரே பகுதியில், இரண்டு முறை இரட்டிப்பு நேர்ந்து, இரண்டு முறையும் அது உலகை வென்றது என்றால் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. பிஏ வகையின் கூடுதல் 60 எழுத்துகளை நீக்கியும் சேர்த்தும் ஆய்வகத்தில் வைரஸ்களை உருவாக்கிப் போட்டியிட விட்டபோது, இரட்டிப்பு உள்ளது செல்களை நன்றாகப் பற்றிக்கொண்டு முந்தியது. ஆய்வகச் செல்லில் முந்துவது ஊருக்குள் முந்துவதற்குச் சான்றாகுமா என்பது தனிக் கேள்வி. நோயின் கடுமை பற்றிய விடைகளும் ஒத்துப்போகவில்லை. சைப்ரஸில் ஓஎன்1 லேசான நோய் தருவதாகத் தோன்றியது. வியட்நாமில் கடுமையானதாகத் தோன்றியது. இத்தகைய முரண்களைப் பார்க்கும்போது வைரஸைவிட மருத்துவமனைகளில்தான் வேறுபாடு இருக்குமோ என்று எனக்குத் தோன்றும். யாரை உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள், எந்த மாதத்தில் மாதிரி எடுக்கிறார்கள் என்பதே முடிவை மாற்றிவிடும்.

இதற்கு நம்பகமான பதில் வேண்டுமென்றால் ஒரே ஊரில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்கில் மாதிரி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் செய்த இடம் லண்டனோ பாஸ்டனோ இல்லை. கென்யாவின் கடலோர மாவட்டமான கிலிஃபி. அங்குள்ள மாவட்ட மருத்துவமனையில் நிமோனியாவோடு சேரும் குழந்தைகளிடம் மாதிரி எடுத்து வந்தார்கள். 2012 பிப்ரவரியில் ஓஎன்1 அங்கே முதன்முறையாகத் தென்பட்டது. ஐந்து பருவங்களின் தரவை வைத்துப் பார்த்தபோது, அதுவரை இருந்த ஜிஏ2 வகையை அது இடம்பெயர்த்துவிட்டது. 2014–15 பருவத்தில் அதன் உட்கிளைகள் திடீரெனப் பெருகின. இரட்டித்த பகுதிக்குள்ளேயே புதிய மாற்றங்கள் சேர்ந்தன. நோயின் கடுமை கூடியதற்கோ குறைந்ததற்கோ தெளிவான சான்று இல்லை.

அதே கிலிஃபியில் 2009–10 பருவத்தில் நடந்த இன்னோர் ஆய்வைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கேள்வி எளியது: கைக்குழந்தைக்கு ஆர்எஸ்வியை யார் கொண்டுவருகிறார்கள்? கைக்குழந்தையும் அதற்கு மூத்த பிள்ளையும் உள்ள கிராமத்து வீடுகளைத் தேர்ந்தார்கள். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் மூக்கிலும் பஞ்சுக்குச்சி நுழைத்து மாதிரி எடுத்தார்கள். சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பருவம் முழுவதும். 44 வீடுகள், 451 பேர், 15,396 மாதிரிகள். எடுக்கத் திட்டமிட்டதில் 86 விழுக்காடு. மூக்கின் உள்பகுதி வரை குச்சி போகும்போது கண்ணில் நீர் வந்துவிடும் என்பது கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழகிவிட்ட அனுபவம். அதை வாரம் இருமுறை, நோயே இல்லாமல், பல மாதங்கள் பொறுத்துக்கொண்ட அந்தக் குடும்பங்களின் ஒத்துழைப்பு இல்லையென்றால் இந்தத் தரவே இல்லை.

28 கைக்குழந்தைகளுக்குத் தொற்று வந்தது. 15 பேருக்கு அது வீட்டுக்குள்ளிருந்து வந்தது. 9 பேருக்கு வெளியிலிருந்து. மீதி 4 பேர் விஷயத்தில் தீர்மானிக்க முடியவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்த 15-இல் 11 தடவை முதலில் தொற்றைக் கொண்டுவந்தது வீட்டின் மூத்த பிள்ளை. அந்த 11 பேரில் 10 பேர் பள்ளிக்குப் போகிறவர்கள். பள்ளி விட்டு வந்ததும் அண்ணனும் அக்காவும் தம்பி தங்கையைத் தூக்கிக் கொஞ்சுவது எந்த ஊர் வழக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

பின்னர் அந்த வீடுகள் சிலவற்றின் வைரஸ்களை முழுமையாக, 15,200 எழுத்துகளையும் படித்தார்கள். இங்கே இந்தத் துறையின் எல்லையும் தெரிகிறது. ஆர்எஸ்வி தன்னை நகலெடுக்கும்போது பிழை பார்த்துத் திருத்தும் ஏற்பாடு அதனிடம் இல்லை. அப்படியிருந்தும் ஒரு பரம்பரையில் நிலைக்கும் மாற்றங்கள் முழுத் தொடரில் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்துதான். மாதத்துக்கு ஒன்றுகூட முழுசாகத் தேறாது. ஒரு வீட்டில் அக்காவிடமிருந்து தம்பிக்கு நாலைந்து நாளில் தாவும் வைரஸ் பெரும்பாலும் ஓரெழுத்தும் மாறாமலே தாவும். இருவரின் வைரஸும் ஒன்றே என்று மட்டும் மரபெழுத்து சொல்லும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைச் சொல்லாது. யார் எந்தத் தேதியில் முதலில் தொற்றுக் காட்டினார் என்ற கள ஊழியரின் குறிப்பேடுதான் திசையைச் சொல்லும். ஜி மரபணுவின் 300 எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் சங்கிலி வரைய முயல்வது வீண் வேலை. கண்டங்களுக்கு இடையே நடக்கும் பயணத்துக்கு அந்தத் துண்டு போதும். வாசற்படிக்கு உள்ளே நடப்பதற்குப் போதாது.

நோய்த்தடம் பார்ப்பவர்களுக்கு யாரும் திட்டமிட்டு அமைக்க முடியாத ஒரு பரிசோதனை 2020-இல் வாய்த்தது. கொரோனாவுக்காக ஆஸ்திரேலியா எல்லைகளை மூடியது. அந்தக் குளிர்காலத்தில் வழக்கமான ஆர்எஸ்வி அலை வரவே இல்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், அந்நாட்டில் வசந்தமும் கோடையுமான அவ்வாண்டின் இறுதி மாதங்களில், பருவம் தப்பி அலை எழுந்தது. கிழக்கே நியூ சவுத் வேல்ஸிலும் தலைநகர்ப் பகுதியிலும், மேற்கே மேற்கு ஆஸ்திரேலியாவிலும். வெளியிலிருந்து வந்ததா, உள்ளேயே ஒளிந்திருந்ததா? மரபெழுத்துகளைப் படித்தபோது, முன்பிருந்த பல கிளைகள் காணாமல் போயிருந்தன. எஞ்சியவை ஏ பிரிவின் இரண்டு கிளைகள். கிழக்கில் ஒன்று, மேற்கில் வேறொன்று. இரண்டும் பல மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் அங்கங்கே சிறிய அளவில் புழங்கியிருந்து, கதவு திறந்ததும் பெருகியவை. கிழக்குக் கிளை அண்டை மாநிலமான விக்டோரியாவுக்குப் பரவி, 2021 தொடக்கத்தில் மருத்துவமனைகளை நிரப்பியது.

இதுவரை சொன்ன தடமெல்லாம் பெரும்பாலும் ஜி-யைப் பார்த்துக் கற்றது. மருந்து வந்து விழுந்த இடமோ எஃப்.

அதற்குக் காரணம் ஒரு பழைய துயரம். 1960-களின் நடுவில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்எஸ்வியைத் தடுப்பூசியாக அமெரிக்கக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். அது காக்கவில்லை, நோயைக் கடுமையாக்கியது. ஒரு சோதனையில், ஊசி பெற்றுப் பின்னர் தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தனர். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு ஆர்எஸ்வித் தடுப்பூசி என்றாலே தயக்கம். 2013-இல் ஜேசன் மெக்லெல்லன், பீட்டர் குவாங், பார்னி கிரஹாம் ஆகியோரின் குழு, செல்லோடு இணைவதற்கு முந்தைய நிலையில் எஃப் புரதத்தின் உருவத்தை அணு அளவில் படமெடுத்தது. வலிமையான எதிர்ப்பான்கள் பற்றும் இடம் அந்த முந்தைய உருவத்தில்தான் இருக்கிறது, விரிந்த பிறகு அது மறைந்துவிடுகிறது என்று தெரிந்ததும் வழி திறந்தது. எஃப் அதிகம் மாறாது, ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்பதும் கூடுதல் தைரியம்.

அந்தத் தைரியத்துக்கு முதல் அடி சுப்டாவுமாப் என்ற எதிர்ப்பான் மருந்தில் விழுந்தது. ரீஜெனரான் நிறுவனம் தயாரித்த இந்த மருந்தைக் குறைமாதத்தில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2017-இல் சோதனை தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் நோயுற்றிருந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது ஏ பிரிவுக்கு எதிராக மருந்து வேலை செய்திருந்தது; பி பிரிவிடம் எடுபடவில்லை. சோதனை நடந்த பருவங்களில் பரவிய பி வைரஸ்களின் எஃப் புரதத்தில், 172-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் குளுட்டமினும், 173-ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் லியூசினும் வந்திருந்தன. மருந்து பற்ற வேண்டிய இடமே அதுதான். மருந்தின் நெருக்கடியால் வைரஸ் மாறியது என்றும் சொல்ல முடியாது. மருந்து புழக்கத்துக்கே வரவில்லை. வைரஸ் தன் போக்கில் மாறிக்கொண்டிருந்தது. மாறுவதற்கு முந்தைய வைரஸை மனத்தில் வைத்து உருவாக்கிய மருந்து, மாறிய பிறகு களத்துக்கு வந்து சேர்ந்தது.

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. பல்லாயிரம் ஜி துண்டுகள் தரவுத்தளங்களில் குவிந்திருந்த காலம் அது. அவற்றில் ஒன்றிலும் 172, 173 என்ற இரண்டு இடங்களும் இருக்க வழியில்லை. அவை வேறு மரபணுவில் இருப்பவை. மாறுவதைத் தேடுவதற்குத் தோதான இடத்தில் மட்டும் தேடியதன் விலை இது. ஜி-யைப் படித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அது இல்லையென்றால் பிஏ, ஓஎன்1 கதைகளே நமக்குத் தெரியாது. ஆனால் முழுத் தொடரையும் படிப்பது கட்டுப்படியாகத் தொடங்கிய பிறகும் பழக்கத்தினால் துண்டிலேயே நின்ற ஆண்டுகள் சில உண்டு. 2024-இல் உலகின் பல ஆய்வுக் குழுக்கள் கூடி, முழுத் தொடரை அடிப்படையாக வைத்துப் புதிய பெயரிடும் முறையை வெளியிட்டன. ஏ பிரிவில் 24 கிளைகள், பி பிரிவில் 16. அதுவரை ஆய்வகத்துக்கு ஆய்வகம் தோன்றியபடி பெயர் சூட்டி வந்ததால், ஒரே வைரஸ் இரண்டு கட்டுரைகளில் இரண்டு பெயரோடு உலவிய கூத்தெல்லாம் இருந்தது.

பெயரும் வம்சமும் தெரியாமல் போனால் பொதுமக்களிடம் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் மெட்டாநியூமோ வைரஸ் தொற்று கண்டறியப்பட்டதாக அரசு அறிவித்தபோது, சீனாவிலிருந்து புதிய கொரோனா வந்துவிட்டது என்கிற அளவுக்கு வாட்ஸ்அப் பரபரத்தது. ஆர்எஸ்வியின் நெருங்கிய உறவான இந்த வைரஸ் 2001-இல் நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்டது. 1958-இல் சேமித்துவைத்த ரத்த மாதிரிகளிலேயே அதற்கான எதிர்ப்பான்கள் இருந்தன. நம் ஊரிலும் நெடுநாளாகப் புழங்குவதுதான். புதிதா பழையதா என்ற கேள்விக்கு உள்ளூர் மாதிரிகளின் மரபெழுத்தை முன்பே படித்து வைத்திருந்தால் ஒரே நாளில் பதில் சொல்லிவிடலாம்.

சுப்டாவுமாப்புக்குப் பிறகு வந்த நிர்செவிமாப் என்ற எதிர்ப்பான் மருந்து எஃப் புரதத்தின் உச்சியில் வேறோர் இடத்தைப் பற்றுகிறது. ஒரே ஊசி ஒரு பருவம் முழுக்கத் தாங்கும். 2022 அக்டோபர் இறுதியில் ஐரோப்பாவிலும் 2023 ஜூலையில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. 2023–24 குளிர்காலத்தில் பிரான்ஸ் அதைப் பிறந்த குழந்தைகளுக்குப் பரவலாகக் கொடுத்தது. ஊசி பெற்றும் ஆர்எஸ்வி வந்த குழந்தைகளின் வைரஸ்களை அங்கே தனியாக எடுத்துப் படித்தார்கள். ஏ பிரிவில் மருந்தைத் தாண்டும் மாற்றம் எதுவும் இல்லை. பி பிரிவில் பார்த்த 24 வைரஸ்களில் இரண்டில் இருந்தது. ஒன்றில் 208-ஆம் இடம் மாறியிருந்தது. மற்றதில் 64, 65 என்று அடுத்தடுத்த இரண்டு இடங்கள்.

இரண்டு என்பது சிறிய எண். இந்த மாற்றங்களைச் சுமந்த வைரஸ்கள் ஒரு குழந்தையோடு முடிந்துபோகின்றனவா, அடுத்த குழந்தைக்குத் தாவிப் பரம்பரையாகின்றனவா என்பதே இனி பார்க்க வேண்டியது. அதற்கு ஊசி பெற்ற குழந்தைகளை மட்டும் பார்த்தால் போதாது. ஊசியே கிடைக்காத நாடுகளில் இதே பி பிரிவு எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். 172, 173-இல் நேர்ந்த மாற்றம் மருந்தைப் பார்த்திராத குழந்தைகளின் மூக்கில்தான் முதலில் நிலைத்தது. உலக சுகாதார அமைப்பு ஃப்ளூவுக்கென முன்பே இருந்த ஆய்வகங்களின் வலையமைப்பிலேயே ஆர்எஸ்வியையும் சேர்த்துக் கண்காணிக்கத் தொடங்கியபோது அதில் இந்தியாவும் இருந்தது. மாதிரிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் எத்தனையின் எஃப் மரபணு முழுதாகப் படிக்கப்படுகிறது, படித்தது எத்தனை வாரத்தில் வெளியாகிறது என்பது ஒவ்வோர் ஆய்வகத்தின் வேதிப்பொருள் கையிருப்பையும் அங்குள்ள ஒப்பந்த ஊழியரின் எண்ணிக்கையையும் பொறுத்தது.